அத்தையின் மடியில் இருந்த பை

எங்கள் வீடு 430 சதுர அடி. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஹாலின் ஓரத்தைத் தடுத்து எடுத்த சமையலறை, ஒரே ஒரு குளியலறை. நான், கணவர், 11 வயது மகள். மூன்று பேருக்கு இந்த வீடு தாராளம் என்றே சொல்வேன். நான்காவதாக ஒருவர் வந்தால்தான் எந்தக் கதவு எந்த நாற்காலியில் இடிக்கிறது என்பது தெரியவரும்.

பல வருடங்களாக நான் யாரையும் தங்க அழைத்ததில்லை. "ஒருநாள் வாருங்கள்" என்று வாய் நிறையச் சொல்வேன். "வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள்" என்பது மட்டும் தொண்டையோடு நின்றுவிடும். சித்தி மகன், சின்ன வயதில் நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த தம்பி, ஒரு தேர்வு எழுத எங்கள் ஊருக்கு வந்து மூன்று இரவு விடுதியில் தங்கிவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எதற்கு அக்கா சிரமம்" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் அத்தையை அழைத்தேன். அப்பாவுக்கு மூத்தவர், 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எட்டு நாள் எங்களோடு இருந்தார்.

யார் எங்கே படுப்பது என்பதில் முதல் நாள் இரவே வாக்குவாதம். "நான் ஹாலிலேயே படுத்துக்கொள்கிறேன். உங்கள் அறையை எதற்கு விட்டுக்கொடுக்கிறீர்கள்?" என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். நான் விடவில்லை. சிறிய வீட்டில் ஹால் என்பது அறை இல்லை, வழி. சமையலறைக்குப் போகிறவர், குளியலறைக்குப் போகிறவர், வாசல் கதவைப் பூட்டப் போகிறவர் எல்லோரும் அதைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே படுப்பவர் எல்லோருக்கும் கடைசியாகத் தூங்கி, எல்லோருக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டும். வீட்டு மனிதர் என்றால் "விளக்கை அணையுங்கள்" என்று ஒரு குரல் கொடுத்துவிடுவார். வந்தவர் கொடுக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பார். அதனால் வந்தவருக்குக் கதவு உள்ள அறை, எங்களுக்கு ஹால். இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

அத்தையின் முழங்கால் இன்னொரு காரணம். எங்கள் கட்டில் 45 சென்டிமீட்டர் உயரம், சாதாரண நாற்காலியின் உயரம். உட்கார்ந்து, கையை ஊன்றி எழுந்துவிடலாம். ஹாலில் விரிக்கும் மெத்தையின் உயரம் 10 சென்டிமீட்டர். முழங்கால் வலி உள்ளவர் அதிலிருந்து எழ வேண்டுமானால் முதலில் குப்புறத் திரும்பி, மண்டியிட்டு, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். இரவில் இரண்டு முறை அதைச் செய்யச் சொல்வது கொடுமை.

அந்த மெத்தையை வாங்குவதற்கு முன் மடக்குச் சோபா, சுவரோடு நிமிர்ந்து மறையும் கட்டில் எல்லாவற்றையும் யோசித்தோம். இடம் இல்லாதவர்களின் இந்தத் தவிப்பு பழையது. 1899-லேயே அமெரிக்காவில் லெனர்ட் பெய்லி என்பவர் மடக்குக் கட்டிலுக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். சுவருக்குள் மறையும் கட்டிலுக்கு, சான் பிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் குடியிருந்த வில்லியம் மர்பியின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் சுவர்க் கட்டிலைச் சுவரில் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்த வேண்டும், நாங்கள் இருப்பதோ வாடகை வீடு. மடக்குச் சோபாவை விரித்தால் எவ்வளவு நீளும் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் செய்தித்தாள்களை அடுக்கி 190 சென்டிமீட்டருக்கு ஒட்டினோம். ஒருவர் இடிக்காமல் நடக்க 60 சென்டிமீட்டராவது வேண்டும். மிஞ்சியது 35. வாசல் கதவும் பாதிதான் திறந்தது. பத்து நிமிட வேலையில் பெரிய செலவும் பெரிய வருத்தமும் மிச்சமாயின. மூன்றாக மடிக்கும் மெத்தையை வாங்கினோம். பகலில் அதை அடுக்கி மேலே ஒரு விரிப்பைப் போட்டால் மகளுக்கு உட்காரும் இடம்.

மறுநாள் காலை, "நன்றாகத் தூங்கினேன் அம்மா" என்றார் அத்தை. கட்டில் மூன்று முறை கிறீச்சிட்டது எனக்குக் கேட்டிருந்தது. முதல் இரவு யாருக்கும் அப்படித்தான். பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாக்கோ தமாக்கி, யுக்கா சசாக்கி குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. புதிய இடத்தில் முதல் இரவு படுப்பவரின் மூளையில் ஒரு பாதி மற்றப் பாதியைவிட ஆழம் குறைவாகவே உறங்குகிறது, சிறிய புதுச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளத் தயாராகக் காவல் இருக்கிறது. எங்கள் ஹாலில் ஃபிரிட்ஜ் அவ்வப்போது உறுமி அடங்கும். எங்களுக்கு அது காதிலேயே விழுவதில்லை. அத்தைக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் சத்தம். ஆகவே இரண்டாம் நாள் எந்தத் திட்டமும் வைக்கவில்லை. வரவேண்டியவர்களையும் மூன்றாம் நாள் வரச் சொல்லிவிட்டேன்.

அன்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலிலிருந்து குளியலறை வரை அத்தையை ஒருமுறை நடக்கச் சொன்னேன். சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருப்பதும், அதைத் தடவிக் கண்டுபிடிக்க அவர் தடுமாறுவதும் அப்போதுதான் தெரிந்தது. அதன் மேல் வெள்ளை நாடாத் துண்டு ஒன்றை ஒட்டினேன்.

இவ்வளவையும் செய்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். மூன்றாம் நாள் மதியமே வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், மடியில் அவருடைய பை. உள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தார்: மாத்திரைப் பெட்டி, சீப்பு, கண்ணாடிக் கூடு, இரண்டு மடிப்புத் துணி. கடைசியாக, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பல் துலக்கும் பிரஷ். உறையின் உட்புறம் முழுக்க நீர் முத்துகள். அதைக் கைத்துண்டால் துடைத்தார். பிரஷ்ஷை உதறித் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு எடுத்த வரிசையிலேயே எல்லாவற்றையும் பைக்குள் அடுக்கி, ஜிப்பை மூடி, மீண்டும் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் அத்தை பிரஷ்ஷை உள்ளே வைக்கிறீர்கள்?"

"அங்கே உங்கள் மூன்று பேருடையதும் இருக்கிறதே அம்மா. அதில் மூன்று ஓட்டைதான்."

குளியலறைத் தாங்கியில் மூன்று துளைகள். அதை வாங்கிய நாளில் பொருத்தமாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தவள் நான். மூன்று நாளாக அத்தை ஈரப் பிரஷ்ஷைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பையைத் தரையில் வைத்தால் குனிந்து எடுக்க முழங்கால் விடாது, கட்டிலில் வைத்தால் நாங்கள் ஏதாவது எடுக்க வரும்போது இடைஞ்சல் என்று நினைத்திருக்கிறார். ஆகவே மடி. துண்டைக்கூட எங்கே காயப்போடுவது என்று தெரியாமல், ஈரத்தோடு மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். ஓர் அறையையே அவருக்குக் கொடுத்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன். அந்த அறையில் அவர் கை வைத்து "இது என்னுடையது" என்று நினைக்க ஒரு சாண் இடம்கூட நான் விட்டிருக்கவில்லை.

அலமாரியில் கண் உயரத்தில் இருந்த ஒரு தட்டைக் காலி செய்தேன். சுவரில் துளையிட முடியாது என்பதால், கதவின் மேல் விளிம்பில் மாட்டும் கொக்கிகள் இரண்டு வாங்கி வந்தோம், ஒன்று துண்டுக்கு, ஒன்று மாற்றுத் துணிக்கு. குளியலறையில் அவருக்கென்று ஒரு டம்ளர். பைக்கு மகளின் முக்காலி, குனியாமல் கை எட்டும் உயரம். எல்லாம் சேர்த்து 40 நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை அறைக்குள் போனால், அத்தையின் மூக்குக்கண்ணாடி சன்னல் விளிம்பில் கிடந்தது. கூட்டுக்குள் போடாமல், காதுக் கம்பிகள் விரிந்தபடி. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது, தனிமை. அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல் மனிதர்களுக்கு இடையிலான தூரங்களை அளந்து எழுதினார். ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் வருவது மிக நெருங்கியவர்களுக்கு, அங்கிருந்து 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கும் உறவுகளுக்கும் என்பது அவர் கணக்கு. அமெரிக்கர்களைப் பார்த்துப் போட்ட கணக்கு அது, சமூகத்துக்குச் சமூகம் மாறும் என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் ஹாலில் எதிரும் புதிருமாக நான்கு பேர் உட்கார்ந்தால் முழங்காலுக்கும் முழங்காலுக்கும் 70 சென்டிமீட்டர்தான். எவ்வளவு பிரியம் இருந்தாலும் காலை முதல் இரவு வரை அந்தத் தூரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. கூடுதல் அறையை எங்களால் கொடுக்க முடியாது, நேரத்தைக் கொடுக்கலாம். தினமும் மாலை 5 மணிக்கு நாங்கள் மூவரும் வெளியே நடக்கப் போனோம்.

முதல் நாள் சொல்லாமல் கிளம்பியது என் தவறு. "என்னால்தான் வெளியே போகிறீர்களா?" என்று அத்தை முகம் வாடிக் கேட்டார். அடுத்த நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "அத்தை, இந்த ஒரு மணி நேரம் வீடு முழுக்க உங்களுக்கு. சத்தமாகப் பேசலாம், பாடலாம், கதவைத் திறந்துபோட்டுத் தூங்கலாம். சாவியை எடுத்துக்கொண்டுதான் போகிறோம், நீங்கள் எழுந்து வந்து திறக்க வேண்டியதில்லை." அந்த நேரத்தில் அவர் மகனோடு தொலைபேசியில் பேசுவார் என்று தெரியும். வேறு என்ன செய்தார் என்று தெரியாது. திரும்பி வரும்போது ஓரிரு நாள் கண் சிவந்திருந்தது. நான் கேட்கவில்லை.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஆள் வரும்போது முதலில் இடத்தை இழப்பது குழந்தைதான். அறையில் இருக்கும் அவளது மேசை எட்டு நாள் அவளுக்கு இல்லை. வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவளிடம் கேட்டோம், அவளே சமையலறை மேடையின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தாள். வந்த பிறகு கேட்டிருந்தால் அது கேட்பதாக இருந்திருக்காது.

காற்று, வெந்நீர் இரண்டிலும் கவனம் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அத்தையைப் பார்க்க ஆறு பேர் வந்து ஹாலில் இருந்தால் ஒரு சிறிய ஹீட்டரைப் போட்டதற்குச் சமம். சன்னலோடு எதிர்ப்பக்கக் கதவையும் திறந்தால்தான் காற்று ஓடும். வெந்நீர்த் தொட்டி 15 லிட்டர், 2 கிலோவாட். அவ்வளவு தண்ணீரும் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற 18 நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டு குளியலுக்கு நடுவே 20 நிமிடம் விடுவது என்று வைத்துக்கொண்டோம். அதைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டியது மகள்.

அடுத்த மாதம் தம்பி வருகிறான், அன்று விடுதியில் தங்கிய அதே தம்பி. இப்போது மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. இந்த முறை அழைப்போடு வீட்டையும் எழுதி அனுப்பினேன்: "கதவு உள்ள அறை உங்களுக்கு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் நடக்கும் இடம்தான் இருக்கும். குளியலறை ஒன்று. காலை 6.30 முதல் 7.15 வரை எங்களுக்கு வேண்டும், மற்ற நேரமெல்லாம் உங்களுடையது. ஒருவர் குளித்தபின் 20 நிமிடம் கழித்துத்தான் வெந்நீர். ஃபிரிட்ஜ் சத்தம் போடும், கதவைச் சாத்தினால் குறையும். அலமாரியில் இரண்டு தட்டுகள் காலியாக இருக்கின்றன. பிரஷ் வைக்க டம்ளர் இருக்கிறது."

பதில் அவன் மனைவியிடமிருந்து வந்தது. "அக்கா, குழந்தை இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து அழுவாள். பக்கத்து வீட்டில் ஏதாவது சொல்வார்களா?"

எங்கள் வீட்டைப் பற்றி இவ்வளவையும் முதலில் நான் எழுதியிருக்காவிட்டால் அந்தப் பெண் இதைக் கேட்டிருக்க மாட்டாள், வராமலே இருந்திருப்பாள். படுக்கையறைச் சுவர் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர்தான். மாலையில் அங்கே போய், இன்ன தேதியில் ஒரு குழந்தை வருகிறது, இரவில் அழும் என்று சொன்னேன். அந்த வீட்டு அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தனை மாதக் குழந்தை?" என்று கேட்டார்.