என் தைராய்டு கட்டி: ஊசி சொல்லாததை உறை சொன்னது

போன வருஷம் ஆவணியில் ஒரு வளைகாப்பு வீட்டில் சொம்பை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார், "அண்ணி, இன்னொரு வாய் குடிங்க" என்றாள். குடித்தேன். "கழுத்துல ஏதோ மேல ஏறி இறங்குது" என்றாள். விழுங்கும்போது கூடவே ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் தைராய்டு கட்டிதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். வலி இல்லை, குரலும் மாறவில்லை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கிறேன், என் கண்ணில் படவே இல்லை.

தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தத்தில் சரியாக இருந்தது. அதனால் பயமில்லை என்று நினைத்தேன். ஆனால் சுரப்பி ஒழுங்காகச் சுரக்கிறதா என்பது வேறு, அதற்குள் இருப்பது என்ன கட்டி என்பது வேறு. ஸ்கேனில் வலது பக்கம் 3.4 சென்டிமீட்டர். ஊசியில் செல்லை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி.க்கு எழுதிக் கொடுத்தார்கள். "கட்டியில ஊசி குத்துனா கேன்சர் உடம்பெல்லாம் பரவிடும்" என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னதை நம்பி இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி அது. சில நிமிஷத்தில் முடிந்தது.

ரிப்போர்ட்டில் 'பெதஸ்டா 4, ஃபாலிகுலர் நியோபிளாசம்' என்று இருந்தது. பெதஸ்டா என்பது ஊசியில் வந்த செல்லுக்குப் போடும் தரவரிசை. 1 முதல் 6 வரை உள்ள அதில் 2 என்றால் சாதாரணக் கட்டி, 6 என்றால் கேன்சர். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். "கேன்சரா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டேவிட்டேன்.

நாங்கள் வயல் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். "வரப்புக்குள்ள நிக்கிற தண்ணியும் வரப்பை உடைச்சுக்கிட்டு ஓடுற தண்ணியும் ஒரே தண்ணிதானேம்மா? நடுவுல ஒரு சொம்பு மொண்டு பார்த்தா உடைப்பு இருக்கான்னு தெரியுமா? வரப்பைச் சுத்தி நடந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

இந்த வகைக் கட்டியில் ஊசியில் வரும் செல்கள் சாதாரணக் கட்டியிலும் கேன்சரிலும் ஒரே மாதிரி இருக்குமாம். கட்டியைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்து வெளியே வந்திருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா, இந்த இரண்டில்தான் விஷயம் இருக்கிறது. புகுந்துவிட்டால் ரத்தத்தோடு போய் நுரையீரலிலோ எலும்பிலோ உட்காரக்கூடும். புகாதது எவ்வளவு பெருத்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் சுரப்பியின் வலது பாதியை எடுத்து, உறை முழுவதையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். "ஆபரேஷன் நடக்கும்போதே பார்த்துச் சொல்ல முடியாதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். உடைப்பு எந்த மூலையில் இருக்குமோ, அவசரத்தில் ஒரு துண்டைப் பார்த்துச் சொன்னால் தவறிவிடும் என்றார் டாக்டர். பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் கட்டியாகத்தான் முடியும் என்றும் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை.

ஆபரேஷனுக்கு முன் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் குரல் நாண் இரண்டும் அசைகிறதா என்று பார்த்தார்கள். குரலுக்கான நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் முதலில் என் பெயரைச் சொல்லச் சொன்னது அதற்காகத்தான்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்கு 1.2 சென்டிமீட்டர் கட்டிதான். ஆனால் அது பாப்பில்லரி வகைக் கேன்சர். அதில் செல்லின் உட்கருவே மாறியிருக்கும் என்பதால் ஊசியிலேயே தெரிந்துவிட்டது. கழுத்து நெறிக்கட்டி வரை போயிருந்ததால் சுரப்பி முழுவதையும் எடுத்தார்கள். என் கட்டி அவருடையதைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பெரிய கட்டி என்றால் கேன்சர், சின்னது என்றால் ஒன்றுமில்லை என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. அதே சமயம், கேன்சர் இல்லாத கட்டி ஒன்றும் செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். என் சித்திக்குக் கர்ப்பப்பையில் இருந்தது ஃபைப்ராய்டுதான். ரத்தம் போய்ப் போய் ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கிவிட்டது.

பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு ஒன்பது நாள் ஆனது. எடுத்ததை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்தால் வரும் கனத்துக்குச் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். நாள் பிடிக்கத்தான் செய்யும். அந்த ஒன்பது நாளும் அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன், அணைக்கக் கை போகாது.

கவரை டாக்டர்தான் பிரித்தார். மூன்று வரியின் கீழே பேனாவால் கோடிட்டு எங்கள் பக்கம் திருப்பினார். உறை ஊடுருவல் இல்லை. ரத்தக் குழாய் ஊடுருவல் இல்லை. ஃபாலிகுலர் அடினோமா, அதாவது சாதாரணக் கட்டி. "வரப்பு உடையலம்மா" என்றார்.

ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்தார்கள். மீதிப் பாதியே போதுமான அளவு சுரக்கிறது, மாத்திரை வேண்டாம் என்றார்கள். அந்தப் பக்கத்தை அவ்வப்போது ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அடுத்தது தை மாதம், நாத்தனார்தான் கூட வருகிறாள்.