புலியைத் தேடி வந்தவர் கண்ட வளைவு: அஜந்தா நாட்குறிப்பு

25 ஏப்ரல் 2024, வியாழக்கிழமை, பர்தாபூர்

காலையில் ஜல்காவ் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பேருந்தில் வந்து, உச்சி வெயிலில் பர்தாபூர் சேர்ந்தோம். உடன் வந்திருப்பவன் என் அக்காள் மகன். அஜந்தாவுக்கு மழைக்காலத்தில்தான் போக வேண்டும், அப்போதுதான் வாகோரா ஆற்றில் தண்ணீர் ஓடும், அருவி விழும், மலை பச்சையாக இருக்கும் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். நான் தெரிந்தே சித்திரை வெயிலைத் தேர்ந்துகொண்டேன். மதராஸ் மாகாணப் படையின் குதிரைப்படை அதிகாரி ஜான் ஸ்மித், புலி வேட்டைக்கு வந்த இடத்தில் இங்குள்ள பத்தாம் எண் குகையைக் கண்டது 1819ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள். அதே பருவத்தில், அதே வெளிச்சத்தில் அந்த மலைச்சரிவு எப்படித் தெரிகிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை.

ஆசைக்குக் காரணம் என் தாத்தா. செங்கத்துக்கு மேற்கே காட்டோரக் கிராமத்தில் இருந்தவர். வேட்டைக்குச் சட்டத் தடை வராத காலத்தில் நாட்டுத் துப்பாக்கியோடு பன்றி வேட்டைக்குப் போனவர். அவர் சொன்ன ஒரு கதையை இந்தப் பயணத்தில் எழுதிவிட வேண்டும் என்றிருக்கிறேன். முதலில் இங்கே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுகிறேன்.

26 ஏப்ரல், வெள்ளிக்கிழமை

விடியற்காலையில், வெயில் ஏறுமுன், எதிர்க்கரைக் குன்றின் மேலுள்ள காட்சி முனைக்கு ஏறினோம். ஸ்மித் நின்றதாகச் சொல்லப்படும் இடம் இதுதான். கீழே வாகோரா குதிரை லாடம் போல வளைகிறது. அந்த வளைவைத் தழுவி ஏறக்குறைய 76 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கரும்பாறையில் 30 குகைகள் வரிசையாகக் குடையப்பட்டிருக்கின்றன. ஆறு முற்றிலும் வறண்டு, பாறைகளுக்கிடையே அங்கங்கே பாசி பிடித்த குட்டைகள் மட்டும் கிடந்தன. ஆற்றின் பெயரிலேயே 'வாக்', அதாவது மராத்தியில் புலி, இருக்கிறது. இங்கே புலி தேடி வருவதில் வியப்பு இருந்திருக்காது.

இன்று படிக்கட்டும் கைப்பிடிச் சுவரும் நடைபாதையும் இருப்பதால், குகைகள் இருக்கும் இடம் குழந்தைக்கும் தெரியும். அவற்றையெல்லாம் மனத்தால் அழித்துவிட்டுப் பார்க்க முயன்றேன். சரிவில் நிற்கும் தேக்கு மரங்கள் ஏறக்குறைய மொட்டையாக நின்றன. கிளைகளுக்கு ஊடே பத்தாம் எண் குகையின் பெரிய வளைவு, பாறையில் ஒரு கண் திறந்திருப்பதைப் போலத் தெரிந்தது. ஆவணியில் வந்திருந்தால் இதே வளைவை இலைகள் மூடியிருக்கும், ஸ்மித்தும் அதைக் காணாமலே போயிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. காடு எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதைப் பருவம்தான் தீர்மானிக்கிறது. இலையுதிர்ந்த காட்டில் நடப்பவன் மிருகத்தைத் தேடிக்கொண்டு நடந்தாலும் அவன் கண் கோடுகளைத்தான் தேடுகிறது: கொம்பின் கோடு, முதுகின் கோடு, புல்லில் படிந்த தடத்தின் கோடு. இயற்கையாக அமைந்த பாறையில் அவ்வளவு சீரான வளைவு இருக்காது என்பது வேட்டையில் பழகிய கண்ணுக்கு நொடியில் விளங்கியிருக்க வேண்டும்.

27 ஏப்ரல், சனிக்கிழமை

இன்று காலை முழுவதும் பத்தாம் எண் குகைக்குள்ளேயே இருந்தோம். மற்ற குகைகளை நாளைக்கு ஒதுக்கிவிட்டேன்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டையும் 1ஆம் நூற்றாண்டையும் ஒட்டிய சாதவாகனர் காலத்துச் சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டு மண்டபம், இது. 39 எண்கோணத் தூண்கள் இரு பக்கமும் அணிவகுத்துச் சென்று, கடைசியில் தூபியைச் சுற்றி வளைகின்றன. உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. மங்கலான விளக்கொளிக்குக் கண் பழகச் சற்று நேரமாயிற்று. சுவரோவியங்கள் பெரும்பாலும் இருண்டுவிட்டன. காலத்தின் வேலை மட்டும் அல்ல அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பார்வையாளர்களின் கீறல்கள் ஒரு பக்கம். நகலெடுக்கவும் பாதுகாக்கவும் எண்ணி வெவ்வேறு காலங்களில் பூசப்பட்ட வார்னிஷ் பழுத்துப்போனது மறு பக்கம். நான் ஜான் கிரிஃபித்ஸ் காலத்துக் கோட்டுப்படிகளின் ஒளிநகல்களைக் கையில் கொண்டுபோயிருந்தேன். பம்பாய்க் கலைப்பள்ளியைச் சேர்ந்த அவரும் அவருடைய மாணவர்களும் 1872 தொடங்கிப் பல ஆண்டுகள் இங்கே படியெடுத்தார்கள். அந்தத் தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தால்தான் யானையின் தும்பிக்கை எது, ஆலமர விழுது எது என்று பிடிபடுகிறது.

வலப்பக்கச் சுவரில் இருப்பவை இரண்டு சாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறப்புக் கதைகள். இரண்டும் வேடர் கதைகள். இதை ஊரில் படித்தபோது ஒரு தகவலாகத்தான் தெரிந்தது. புலியைத் துரத்தி வந்தவர் நுழைந்த குகையில் நின்று பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

முதலாவது சாமன் கதை. கண்ணிழந்த பெற்றோருக்குத் தண்ணீர் மொள்ள வந்த சாமனை, வேட்டைக்கு வந்த காசி அரசன் நஞ்சு தோய்ந்த அம்பால் எய்கிறான். நம் ஊரில் தசரதன் கதையாக இதையே கேட்டு வளர்ந்தோம். ஆனால் தசரதன் குடத்தில் நீர் புகும் ஓசையை யானை என்று நினைத்து எய்தவன். காசி அரசன் கண்ணால் பார்த்துவிட்டு எய்தவன். மான்கள் சிறிதும் அஞ்சாமல் ஒருவனைச் சூழ்ந்து நடப்பதைக் கண்டு, இவன் தேவனோ நாகனோ என்று அவன் திகைக்கிறான். நெருங்கிப் போய்க் கேட்டால் மறைந்துவிடுவான், ஆகவே முதலில் வீழ்த்திவிட்டுப் பிறகு யார் என்று கேட்போம் என்று முடிவு செய்கிறான். காட்டில் எதிர்பாராத ஒன்றைக் கண்டவனின் மனத்தை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன கதை எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஆறு தந்தங்கள் கொண்ட சத்தந்த யானையின் கதை. முற்பிறப்பில் அந்த யானையின் மனைவியாக இருந்து, மற்றொருத்தியின் மேல் கொண்ட பொறாமையால் உயிர் விட்டவள், காசி அரசியாகப் பிறந்து, அவன் தந்தங்களைக் கொண்டுவரச் சோணுத்தரன் என்ற வேடனை அனுப்புகிறாள். அவன் ஏழு ஆண்டுகளுக்கு மேல் நடந்து, குழி வெட்டி, துவராடை போர்த்து மறைந்திருந்து எய்கிறான். வலியில் அவனைக் கொல்லத் திரும்பிய யானை, துறவியின் ஆடையைக் கண்டு நின்றுவிடுகிறது. தந்தத்தை அறுக்க வேடனால் முடியவில்லை. அந்த யானையே தும்பிக்கையால் வாளை வாங்கி அறுத்துக் கொடுக்கிறது. தந்தங்களைக் கண்ட அரசி மயங்கிச் சாய்வதை ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். சாய்கிறவளைத் தாங்கும் பெண்களின் கைகளை ஒளிநகலில் பார்த்துவிட்டுச் சுவரில் தேடினேன். ஒரு தோள் வளைவு மட்டும் அகப்பட்டது. அதுவே போதும் என்றிருந்தது.

28 ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

சரியாக 205 ஆண்டுகள். விடுமுறை நாள் என்பதால் கூட்டம் மிகுதி. ஸ்மித் கீறிய கையெழுத்தை இன்று பார்ப்பதற்காகவே நேற்று அதைத் தேடாமல் விட்டிருந்தேன்.

தூணில், போதிசத்துவர் ஓவியத்தின் மேலேயே, தம் பெயரையும் நாளையும் கீறிவைத்திருக்கிறார். அது நம் கண் மட்டத்துக்கு வெகு மேலே இருக்கிறது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்ணும் கல்லும் அன்று குகைக்குள் ஐந்தடி உயரத்துக்குக் குவிந்துகிடந்தன. அந்தக் குவியலின் மேல் நின்றுதான் அவர் கீறினார். மண்ணை அள்ளியபின் தரை கீழிறங்கிவிட்டது, எழுத்து மட்டும் அவர் நின்ற உயரத்திலேயே நிற்கிறது. மருமகன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, சுத்தி அவ்வளவு வெறுஞ்சுவர் இருக்கும்போது, சாமி மேலதான் எழுதணுமா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. முதலில் எய்துவிட்டுப் பிறகு யார் என்று கேட்ட அரசனின் கதை எதிர்ச் சுவர்ப் பக்கத்தில் இருக்க, இவர் கேட்கவும் இல்லை.

ஆயினும் ஸ்மித்துக்குப் பின் வந்த இன்னொரு வேட்டைக்காரரையும் நினைக்க வேண்டும். அவரும் மதராஸ் படையினரே: ராபர்ட் கில். புலி வேட்டையில் பெயர் எடுத்தவர். இந்தியக் கட்டடக்கலையை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபெர்குசன் 1843இல் விடுத்த வேண்டுகோளை ஒட்டி, ஓவியங்களைப் படியெடுக்கும் பணிக்கு 1844இல் அமர்த்தப்பட்டு, பல ஆண்டுகள் இந்த மலையடிவாரத்திலேயே தங்கி வரைந்தார். லண்டனுக்கு அனுப்பப்பட்ட படிகளில் மிகப் பெரும்பாலானவை 1866ஆம் ஆண்டு டிசம்பரில் கிறிஸ்டல் பேலஸ் தீ விபத்தில் எரிந்தன. அதன் பிறகும் அவர் ஒளிப்படம் எடுத்தார், மறுபடி வரைந்தார்.

மாலையில் பதினேழாம் எண் குகை. ஐந்தாம் நூற்றாண்டு வாகாடகர் காலத்தது. இங்கே சுவர்கள் ஒளி விடுகின்றன. மானைத் துரத்தி வந்த அரசன் பள்ளத்தில் விழ, அவனுடைய எடைக்கு ஒரு கல்லைச் சுமந்து பழகிப் பார்த்துவிட்டு, அந்தச் சரப மானே அவனை முதுகில் ஏற்றிக் கரை சேர்க்கும் கதையை மட்டும் நின்று பார்த்தேன். மற்றவை இன்னொரு பயணத்துக்கு.

29 ஏப்ரல், திங்கட்கிழமை

திங்களன்று குகைகளுக்கு விடுமுறை. பக்கத்தில் உள்ள லேணாப்பூர்க் கிராமம் வரை போய் வந்தோம். மராத்தியில் 'லேணி' என்றால் குடைவரை. குகைகளின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்ட மக்களுக்கு அவற்றைப் பற்றித் தெரியாமலா இருந்திருக்கும்? ஸ்மித் 'கண்டுபிடித்தார்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு நெருடுகிறது. அவர் கண்டார், அவ்வளவுதான். பன்றியைத் துரத்திக்கொண்டு காளத்தி மலைப்பக்கம் போன, பின்னாளில் கண்ணப்பரான திண்ணனாருக்கும், அந்த மலையில் குடுமித்தேவர் இருக்கிறார், போய்க் கும்பிடலாம் என்று சொல்லத் தோழன் நாணன் பக்கத்தில் இருந்தான்.

வெயிலுக்கு அஞ்சி அறையில் இருந்த மதியத்தில், வேட்டைக்குப் போனவர்கள் எதிர்பாராமல் கண்டவற்றைப் பற்றி நான் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளைப் புரட்டினேன். 1972இல் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், உம்மானாக் அருகே கிலாகிட்சோக் என்ற கைவிடப்பட்ட குடியிருப்பில், பறவை வேட்டைக்குப் போன சகோதரர்கள் இருவர் பாறைச் சரிவின் கீழ் அடுக்கியிருந்த கற்களை அகற்றிப் பார்த்தார்கள். உள்ளே தோலாடையோடு உலர்ந்த மனித உடல்கள் இருந்தன. கற்களைத் திரும்ப அடுக்கிவிட்டு அதிகாரிகளிடம் தெரிவித்தார்கள். ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகள். ஏறத்தாழ 1475ஆம் ஆண்டைச் சேர்ந்தவர்கள் என்பது பின்னால் ஆய்வில் தெரிந்தது.

1999ஆம் ஆண்டு ஆகஸ்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலையாட்டு வேட்டைக்குப் போன மூவர், உருகும் பனியாற்றின் விளிம்பில் முதலில் ஒரு தடியையும் பின்னர் தோல் துண்டுகளையும் கண்டு, அவற்றைத் தொடர்ந்து போய் ஓர் இளைஞனின் உடலைக் கண்டார்கள். அணில் தோல்களால் தைத்த போர்வையும் வேர் நாரால் பின்னிய தொப்பியும் உடனிருந்தன. அந்நிலத்தின் தொல்குடியினரான சாம்பெய்ன், ஐஷிஹிக் மக்கள் அவனுக்கு 'முன்னொரு காலத்தில் இருந்தவனைக் கண்டோம்' என்று பொருள்படும் பெயரைத் தங்கள் மொழியில் சூட்டினார்கள். அறிவியலாரின் ஆய்வுக்கு அவர்கள் இசைந்தார்கள். ஆய்வு முடிந்தபின் 2001இல் உடலை எரியூட்டிச் சாம்பலை அவன் கிடந்த மலைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாய்வழி மரபணுவைக் கொண்டு, இன்று உயிரோடிருக்கும் 17 பேர் அவனுக்கு உறவினர் என்று கண்டறியப்பட்டது. பனியில் கண்டெடுத்த ஒருவனுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்ற செய்தியை எத்தனை முறை படித்தாலும் மனம் நெகிழ்கிறது.

இனி தாத்தாவின் கதை. அடிபட்ட பன்றியின் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனவர், காரைப் புதருக்குள் குனிந்து நுழைந்தபோது கையில் பலகைக்கல் ஒன்று தட்டுப்பட்டது. வில்லேந்திய வீரன் ஒருவன் அதில் செதுக்கப்பட்டிருந்தான். தலைக்கு மேல் அவரால் படிக்க முடியாத எழுத்து. களைப்பில் துப்பாக்கியை அதன்மேல் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி ஓடி வந்து, "வேடியப்பன் மேலயா துப்பாக்கியச் சாய்ப்ப? எடுடா சாமி" என்று அதட்டினாளாம். எங்கள் பக்கத்தில் நடுகல்லுக்கு வேடியப்பன் என்றுதான் பெயர். பல்லவர் காலத்து வட்டெழுத்தோடு கூடிய அத்தகைய கற்கள் செங்கம் வட்டாரத்தில் ஏராளமாகப் படிக்கப்பட்டிருக்கின்றன என்பது நான் பெரியவனான பிறகு தெரிந்தது. தாத்தா துப்பாக்கியை எடுத்துத் தரையில் கிடத்திவிட்டு, இது யார், எவ்வளவு நாளாக இருக்கிறது என்று பாட்டியிடம் கேட்டபடி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். பன்றி தப்பிவிட்டது.

30 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை, ரயிலில்

ஜல்காவை விட்ட சிறிது நேரத்தில் புசாவல். ராபர்ட் கில் 1879இல் இறந்து அடக்கமானது இந்த ஊரில்தான். வண்டி நிற்கும் நேரத்தில் கல்லறைத் தோட்டம் வரை போய் வர இயலாது. நடைமேடையில் இறங்கி அந்தத் திசை எது என்று சுமைதூக்குபவரிடம் கேட்டுக்கொண்டு, சற்று நின்றுவிட்டு ஏறினேன். மருமகன் கிரிஃபித்ஸ் காலத்து ஒளிநகலை மடியில் விரித்து, மயங்கிச் சாயும் அரசியைத் தாங்கும் கைகளைப் பென்சிலால் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறான். ஊர் போய்ச் சேர்ந்ததும் அவனைக் காரைப் புதர்ப் பக்கம் அழைத்துப் போக வேண்டும். கல் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் வழி காட்டுவார்கள்.