முன்சீப் தாத்தா, திவான் தாத்தா

வீட்டுக்கு வீடு ஒரு பெரிய மனிதர் இருப்பார். ‘எங்க முப்பாட்டனார் முன்சீப்’, ‘அம்மா வழியில ஒருத்தர் திவானா இருந்தாராம்’ என்று கல்யாண வீட்டில் காதில் விழும். வம்சாவளி எழுத உட்காருபவர்கள் அந்தப் பெயரைத்தான் தாளின் உச்சியில் முதலில் எழுதுகிறார்கள். கோணல் அங்கேயே ஆரம்பம். எழுத வேண்டியது கீழே இருந்து: நீங்கள், அப்பா, தாத்தா. ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும்.

முதலில் பதவியைத் துலக்கிக்கொள்ளுங்கள். முன்சீப்பில் இரண்டு உண்டு. கிராம முன்சீப் ஊரில் வரி வசூலித்து, சில்லறை வழக்குகளையும் பார்த்தவர்; பெரும்பாலும் பரம்பரையாக வந்த வேலை, 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டது. ஜில்லா முன்சீப் சம்பளம் வாங்கிய நீதிபதி. மாயூரத்தில் இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) இரண்டாவது ரகம். குடும்பக் கதைகளில் வரும் முன்சீப்புகள் அநேகமாக முதல் ரகம். அதில் குறைவொன்றும் இல்லை. பரம்பரைப் பதவி என்பதால் யாருக்குப் பின் யார் என்ற காகிதம் வருவாய்த் துறையில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

‘திவான் பகதூர்’ என்பதோ பதவி அல்ல, வெள்ளைக்காரர் கொடுத்த பட்டம். ராவ் சாகிப், அதற்கு மேல் ராவ் பகதூர், அதற்கும் மேல் திவான் பகதூர். சேஷையா சாஸ்திரி திருவிதாங்கூரிலும் புதுக்கோட்டையிலும் நிஜமாகவே திவானாக இருந்தவர். பட்டம் வாங்கியவர் எந்த சமஸ்தானத்தையும் ஆண்டிருக்க வேண்டியதில்லை. பட்டங்களும் நியமனங்களும் அரசு கெஜட்டில் வந்தவை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய கெஜட் தொகுதிகள் உண்டு. வருஷம் தோராயமாகத் தெரியாமல் போனால் நாள்கணக்கில் புரட்ட வேண்டியதுதான்.

அடுத்து பத்திரம். இருப்பதிலேயே உயர்ந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி அத்தனை பேரும் அப்பா பெயரோடும் வயதோடும் வரிசையாக நிற்பார்கள். கிரயப் பத்திரத்தில் ‘பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட’ (முன்னோர் வழியில் வந்த) என்ற இடத்தை விடாமல் படியுங்கள். சொத்து யார் மூலம் வந்தது என்று அங்கே எழுதியிருந்தால் ஒரே தாளில் மூன்று தலைமுறை. ‘சுயார்ஜிதம்’ (தானே சம்பாதித்தது) என்றிருந்தால் அந்த நிலம் அவரோடு தொடங்குகிறது, மேலே போக உதவாது. மகளுக்கு மஞ்சக்காணியாக எழுதிய நிலத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அம்மா வழிப் பெரிய மனிதர் ஒளிந்திருப்பதே அங்கேதான்.

ஆன்லைன் வில்லங்கச் சான்று ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வருஷம் வரைதான் பின்னால் போகும். அதற்கு முந்தியதற்கு மனு போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். சர்வே எண் கேட்பார்கள். இன்றைய பட்டாவில் இருக்கும் எண்ணைக் கொடுத்தால் ஒன்றும் அகப்படாமல் போகலாம், யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புச் சமயத்தில் உட்பிரிவுகள் மாறியிருக்கும். பழைய எண்ணைத் தாலுகா அலுவலகத்தில் முதலில் கேட்டு வாங்குங்கள்.

இனி எல்லோரும் விழும் குழி. மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். ராமசாமி மகன் முத்துசாமி, அவர் மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடி முத்துசாமி. இரண்டு முத்துசாமிக்கும் இனிஷியல் ‘ரா’. இரண்டு தலைமுறை என்பது ஏறக்குறைய 60 வருஷம். தமிழ் வருஷச் சுற்றும் 60. ஆகவே பெயரும் தகப்பன் பெயரும் வருஷப் பெயரும் ஒன்றாக இருந்து, ஆள் மட்டும் வேறாக இருக்கலாம். ‘தாது வருஷம் மாசி மாசம்’ என்று ஒரு ஜாதகம் சொன்னால் அது 1817, 1877, 1937 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். 1876-77 பஞ்சத்துத் தாது என்று அவசரப்பட்டு எழுதினால், பேரன் செய்த காரியம் தாத்தா கணக்கில் ஏறிவிடும், நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போகும்.

இதைப் பிரிக்க வழி உண்டு. பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டு) எழுதியிருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்துக் கொல்லம் ஆண்டானால் 824. ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது, தை பிறந்த பிறகென்றால் 825. இரண்டும் இல்லையா, முத்திரைத்தாளில் யார் தலை என்று பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1901-க்குப் பிறகு போக வாய்ப்பு குறைவு. பழைய தாள் கொஞ்சம் கையிருப்பில் ஓடியிருக்கலாம். ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால் 1910-க்கு முன் போகவே முடியாது.

ஏணி ஏறி முடித்தபின், பெரிய மனிதர் நேர்ப் பாட்டனாக இல்லாமல் பாட்டனின் அண்ணனாக வந்து நிற்பது சகஜம். பங்காளி என்று எழுதுங்கள், பாட்டன் என்று எழுதாதீர்கள். சுவீகாரம் போனவர் என்றால் இரண்டு கோடு வேண்டும்: பெற்ற வீட்டுக்கு முழுக்கோடு, எடுத்த வீட்டுக்குப் புள்ளிக்கோடு. சுவீகாரப் பத்திரத்தின் எண்ணையும் வருஷத்தையும் அந்தப் புள்ளிக்கோட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.