டங்கனின் பேங்க் ஷாட்டுக்குக் குன்னூரில் ஒரு பலகை

கடைசியில் விழுந்துவிட்டது, கூடைப்பந்தின் பேங்க் ஷாட், அதாவது பந்தைப் பலகையில் அடித்து வளையத்துக்குள் இறக்கும் எறி. இடது பிளாக் (வளையத்துக்குப் பக்கத்தில் தரையில் போட்ட குறி) பக்கம், பலகைக்கு 45 பாகை, பத்தடி தூரம். பந்து பலகையில் பட்டு, வளையத்தை உரசாமல் வலைக்குள் இறங்குகிறது. அதுவும் ஒருமுறை இரண்டுமுறை அல்ல, வரிசையாக. பழைய பலகையில் இதே எறி வளையத்தின் பின்விளிம்பில் தட்டிக் கீழே விழுந்துகொண்டே இருந்தது. முழங்கை, மணிக்கட்டு, பாதம் என்று எதைத் திருத்தியும் பலனில்லை. பலகை செத்துக் கிடந்திருக்கிறது.

டிம் டங்கனின் ஆட்டத்தைப் பழகிப் பார்க்க விரும்பும் எவரும் முதலில் வந்து நிற்கும் இடம் இந்த ஷாட்தான். அமெரிக்கத் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1997இல் முதல் ஆளாகத் தேர்வானதிலிருந்து 2016 ஜூலையில் ஓய்வு பெறும்வரை 19 சீசனும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற ஒரே அணியில் ஆடியவர். 26,496 புள்ளிகள், 15,091 ரீபவுண்டுகள் (எறி தவறித் திரும்பும் பந்தைப் பிடித்தது), ஐந்து சாம்பியன் பட்டங்கள். ஆனால் ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது, 69.6 சதவீதம்தான். அதைப் பார்த்தால் பிறவியிலேயே எறிகை வாய்த்தவர் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர் இரண்டு பத்தாண்டு தாக்குப்பிடிக்கக் கைகொடுத்தவற்றில் இந்தக் கோணமும் ஒன்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2011இல் கணினியில் லட்சக்கணக்கான எறிகளை ஓட்டிப் பார்த்து, பன்னிரண்டடிக்குள் பல இடங்களில் பலகையில் அடிப்பதே நேராக எறிவதைவிட லாபம் என்று காட்டினார்கள். டங்கன் அதை அதற்கு முன்பே கையால் நிரூபித்துவிட்டார். பேங்க் ஷாட்டைப் பழைய காலத்து ஷாட் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

இனி பலகை. 1.80 மீட்டருக்கு 1.05 மீட்டர், 19 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை). எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்றே போதும். சாதாரண பிளை வாங்கிப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவே. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய அடி. அக்டோபரில் ஊற ஆரம்பித்தால் பிளை தை மாதம்வரை காயாது.

பலகை சாவது போல்ட் துளையில்தான். துளையின் உள்சுவர் வெறும் மரம். பனி நீர் போல்ட்டோடு உள்ளே இறங்கும், மரம் உப்பும், போல்ட் இறுக்கத்தில் நசுங்கும், வெயிலில் சுருங்கும்போது ஆட்டம் கொடுக்கும். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும். விரல் முட்டியால் தட்டினால் 'டக்' என்று வரவேண்டிய இடத்தில் 'டப்' என்று வரும். பந்தின் வேகத்தை அந்த ஆட்டம் தின்றுவிடுகிறது. பந்து பலகையை விட்டு மெதுவாக வெளியேறுவதால் வளையத்தின் நடுவுக்கு வருவதற்குள் தாழ்ந்துவிடும்.

10 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 16 மி.மீ. துளை போட வேண்டும். பின்பக்கம் டேப் ஒட்டி மூடி, சிலிகா பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு பாகமும் கலந்தால் இறுகும் பிசின்) நிரப்பி, முழுதாக இறுகியபின் நடுவில் 10.5 மி.மீ. துளை. போல்ட் இப்போது மரத்தைத் தொடுவதே இல்லை. மலையில் வம்பு செய்வது இந்த 'முழுதாக இறுகியபின்' என்பதுதான். கோயம்புத்தூரில் ராத்திரி ஊற்றினால் காலையில் கல்லாகிவிடும் எபாக்ஸி, இங்கே 12 டிகிரியில் இரண்டு நாள் கழித்தும் நகம் பதியும். அதற்காக ஹார்டனரைக் கூட்டி ஊற்றக் கூடாது. விகிதம் கெட்டால் அது என்றைக்குமே இறுகாது. டப்பாவில் சொன்ன விகிதத்தைத் தராசில் எடை போட்டே கலக்கவும். கலக்கும் முன் ரெசின் டப்பாவை வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தால் இளகிக் குமிழி இல்லாமல் இறங்கும். ஊற்றியபின் பலகையைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே 100 வாட் குண்டு பல்பு, துணியில் படாமல்.

இன்னொன்று, ஈரக் காற்றில் இறுகும் எபாக்ஸியின் மேல் எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு படலம் வரும். அதன்மேல் அப்படியே அடுத்த பூச்சு பூசினால் தகடு தகடாக உரியும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போட்டுக் கழுவி, காயவைத்து, உப்புத்தாள் தேய்த்த பிறகே அடுத்தது. நான்கு ஓரங்களுக்கும் இதே எபாக்ஸி இரண்டு பூச்சு, கீழ் ஓரத்துக்கு மூன்று. முதலில் அழுகுவது கீழ் ஓரம்தான்.

பின்சட்டம் 40க்கு 40 மி.மீ. சதுர பைப். நான்கு மூலையில் மட்டும் தாங்கினால் நடுப்பலகை அதிரும். பந்து படுவதோ நடுவில். அதனால் உள்சதுரத்தின் (வளையத்துக்கு மேலே பலகையில் வரையும் சிறு கட்டம்) இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கும் பின்னால் ஒவ்வொரு பைப். வளையத்தைப் பலகையில் மாட்டவே கூடாது, சட்டத்தோடு மாட்டவும். யாராவது தொங்கினால் அந்த எடை பலகைக்குப் போகாது.

பொருளைப் பற்றி ஒரு சொல்: பிளை, எபாக்ஸி, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் மூன்றையும் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ வாங்கி ஏற்றிவிடுவது நல்லது. ஆனால் பந்தில் அங்கேயே காற்றடித்துக் கொண்டுவர வேண்டாம். கீழே 8 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்த பந்து, இங்கே குளிர்ந்தபின்னும் 9ஐத் தொடும். மேலே காற்றழுத்தம் குறைவு. இங்கேயே நண்பகலில் 8 வைத்தால் மறுநாள் விடிகாலைக் குளிரில் முக்கால் பி.எஸ்.ஐ. போல இறங்கிவிடும். ஆடுவதற்குச் சற்று முன் சோதிக்கவும்: பந்தின் அடி 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விட்டால், துள்ளும்போது அதன் உச்சி 1.2க்கும் 1.4க்கும் இடையில் வரவேண்டும்.

ஷாட்டுக்கு வருவோம். வலது கைக்காரருக்கு இடது கால் பிவட், அதாவது தரையில் ஊன்றித் திரும்பும் கால். வளையத்தைப் பார்த்துத் திரும்பி, வலது காலால் சின்ன ஜாப் (தடுப்பவரை ஏமாற்ற வைக்கும் குட்டி அடி), காலை இழுத்துக்கொண்டு எறி. பந்து எங்கே படுகிறது என்று கண்ணால் பிடிக்க முடியாது. பந்தில் சாக்பீஸ் பொடி தடவினால் பலகையில் தடம் விழும். கோலமாவு வேண்டாம், கல் பொடி பந்தின் தோலை வழித்துவிடும். உள்ளே விழும் எறிகளின் தடம் உள்சதுரத்தின் கிட்டப்பக்கக் கோட்டிலிருந்து ஏறக்குறைய பத்து செ.மீ. உள்ளே, மேல்பாதியில் கூடும். தடம் அங்கேயே இருந்தும் பந்து பக்கவாட்டில் விலகினால், இடது கட்டைவிரல் பந்தைத் தள்ளிப் பக்கச் சுழல் கொடுக்கிறது என்று பொருள். பின்சுழல் மட்டுமே இருக்க வேண்டும். அது பலகையைப் பிடித்துப் பந்தைக் கீழே இறக்கும். பனி படிந்த பலகையில் அந்தப் பிடி கிடைக்காமல் பந்து வழுக்கி முன்விளிம்புக்குப் போகிறது. எறிவதற்கு முன் பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொள்ளவும். பெயின்ட் மேட் வெள்ளையாக இருக்கட்டும், பளபளப்பு எனாமல் இன்னும் வழுக்கும்.

அடுத்து டங்கனின் டிராப் ஸ்டெப்பையும் (முதுகுக்குப் பின்னால் தடுப்பவரைச் சுற்றிக் காலை வைத்து வளையத்துக்குத் திரும்புவது) இதே பொடித் தடத்தோடு பார்க்க எண்ணம். 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் நெட்ஸ் அணிக்கு எதிராக 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்), 8 பிளாக் (எதிரணியின் எறியைக் கையால் தடுத்தது) எடுத்தாரே, அந்த ஆட்டத்தின் பதிவைக் காலடிக்காக மட்டும் பார்த்தாலே பயிற்சிக்கு நிறையக் கிடைக்கும்.

பலகையில் 5 செ.மீ. கறுப்புக் கோடுகளுக்கு ஒரு பூச்சுதான் ஆகியிருக்கிறது. இரண்டாவது பூச்சுக்கு இரண்டு நாள் வெயில் வேண்டும். மாஸ்கிங் டேப் இன்னும் பலகையில்தான் இருக்கிறது.