எல்.பி.என்.-இலிருந்து ஆர்.என்.: ‘ஒரே வருஷம்’ என்ற கணக்கில் விடுபடுபவை

அமெரிக்காவில் எல்.பி.என். (லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்) லைசென்ஸ் வைத்திருப்பவர் (டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் அதற்கு எல்.வி.என். என்று பெயர்) கம்யூனிட்டி காலேஜில், அடுத்த நிலையான ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) ஆவதற்கான ‘பிரிட்ஜ்’ படிப்பைப் பற்றி விசாரித்தால், “பன்னிரண்டு மாதம்தான்” என்ற பதில் அடிக்கடி கிடைக்கும். நர்சிங் வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பட்டம் வரைக்குமான கணக்கு அது. முன்கூட்டியே முடித்திருக்க வேண்டிய பாடங்கள், சீட்டுக்கான காத்திருப்பு, பட்டத்துக்குப் பின் தேர்வெழுதி லைசென்ஸ் வரும்வரை ஓடும் வாரங்கள் எதுவும் அதில் சேராது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர் மொத்தம் மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தைத் தின்பவை அறிவியல் பாடங்கள். அனாட்டமி-ஃபிசியாலஜி இரண்டு பகுதி, அப்புறம் மைக்ரோபயாலஜி. லேபோடு சேர்த்து ஒவ்வொன்றும் பெரும்பாலும் 4 கிரெடிட். முதல் பகுதியை முடிக்காமல் இரண்டாவதில் பெயர் பதிய முடியாது என்பதால், செமஸ்டருக்கு ஒன்று என்று எடுத்தால் இதற்கே ஒன்றரை வருஷம் போய்விடும். ஆங்கிலக் கட்டுரை, மனித வளர்ச்சி உளவியல், புள்ளியியல் போன்றவற்றை இடையில் ஆன்லைனில் முடித்துவிடலாம். லேப் பாடத்தை ஆன்லைனில் எடுக்கும் முன், சேரப்போகும் காலேஜ் அதை ஏற்குமா என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்சலர் வாய்மொழியாகச் சொன்னது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அன்று செல்லாது.

இந்த மதிப்பெண்களுக்குக் காலாவதியும் உண்டு. பல காலேஜ்களில் அறிவியல் பாடங்கள் 5 அல்லது 7 வருஷத்துக்குள் முடித்தவையாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தை விண்ணப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்களா, வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்தா என்று கேளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும்போதே மைக்ரோபயாலஜி காலாவதியாவது நடக்கிற காரியம்தான். இன்னொன்று: பாடத்தைத் திரும்ப எடுத்தால் பிந்திய மதிப்பெண்ணை எடுப்பார்களா, சராசரி போடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். நடுவில் விலகியதற்கான ‘டபிள்யூ’வைக்கூட ஒரு முயற்சியாக எண்ணுகிற காலேஜ்கள் உண்டு.

எல்.பி.என். பள்ளியில் படித்தது வீண்போகுமா? தொழிற்பள்ளியில் படித்தவர்களின் சான்றிதழில் கிரெடிட் இராது, மணிநேரம்தான் இருக்கும். அதைக் காலேஜ் அப்படியே மாற்றிக்கொள்ளாது. லைசென்ஸை ஆதாரமாக வைத்து முதல் வருஷ நர்சிங் பாடங்களுக்கு ஈடான கிரெடிட்டை ஒதுக்கிவைத்து, எல்.பி.என்.களை ஆர்.என். படிப்புக்குத் தயார்செய்யும் டிரான்சிஷன் கோர்ஸில் தேறிய பிறகே பதிவு செய்வார்கள். பாதியில் வேறு காலேஜுக்கு மாறினால் அந்த கிரெடிட் உங்களோடு வராமல் போகலாம்.

காலேஜை எடைபோட இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: ஒப்புதல், அக்ரெடிடேஷன் (தர அங்கீகாரம்). மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் இருந்தால், லைசென்ஸுக்கான தேர்வான என்கிளெக்ஸ் எழுதலாம். அக்ரெடிடேஷன் வேறு. இரண்டு வருஷ ஏ.டி.என். (அசோசியேட் பட்டம்) படிப்புக்கு அதைத் தருபவை ஏ.சி.இ.என்., சி.என்.இ.ஏ. என்ற அமைப்புகள். சி.சி.என்.இ. இளங்கலைக்கும் அதற்கு மேலுக்கும் மட்டுமே என்பதால், அந்தப் பெயர் இல்லையே என்று பதற வேண்டாம். வாரிய ஒப்புதல் மட்டும் உள்ள காலேஜில் படித்தாலும் ஆர்.என். ஆகலாம். ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கான வி.ஏ. மருத்துவமனைகளில் வேலைக்கும், பின்னால் பி.எஸ்.என். (இளங்கலை நர்சிங் பட்டம்) சேர்வதற்கும் அது இடிக்கும்.

அடுத்து என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதம். டெக்சஸ் வாரியம் முதல் முயற்சியில் 80 சதவீதமும் கலிஃபோர்னியா 75 சதவீதமும் எதிர்பார்க்கின்றன. காலேஜ்வாரியான எண்கள் வாரிய இணையதளங்களிலேயே கிடைக்கும். அதை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலோர் செய்கிற தப்பு. ஒரு உதாரணக் கணக்கு: 40 பேர் சேர்ந்து, 22 பேர் உரிய காலத்தில் முடித்து, அதில் 21 பேர் தேறினால் தேர்ச்சி 95 சதவீதம். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் பாதிதான். சில இடங்களில் கடைசி செமஸ்டரில் ஒரு எக்ஸிட் தேர்வு வைத்து, அதில் குறிப்பிட்ட மதிப்பெண் வராதவரைக்கும் பட்டத்தை விடமாட்டார்கள். அவர்கள் என்கிளெக்ஸ் கணக்கிலேயே வருவதில்லை. ஆகவே உரிய காலத்தில் முடித்தவர்களின் விகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அதிலும் பிரிட்ஜ் வழியாக வந்தவர்களைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு காலேஜையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கலிஃபோர்னியாவில் மட்டும் ஒரு குறுக்குவழி இருக்கிறது: ‘30 யூனிட்’ வழி. படிக்க வேண்டியது அதிகபட்சம் 30 செமஸ்டர் யூனிட் (அங்கே கிரெடிட்டுக்கு அந்தப் பெயர்), குவார்ட்டர் முறையில் 45. ஆர்.என். லைசென்ஸ் வரும், பட்டம் வராது. வேறு மாநிலங்கள் அந்த லைசென்ஸை ஏற்காமல் போகலாம், பிற்பாடு ஒரு பட்டம் வாங்கினாலும் வாரியப் பதிவில் ‘30 யூனிட் வழியில் வந்தவர்’ என்ற நிலை மாறாது. கணவர் அல்லது மனைவியின் வேலை எந்த ஊருக்கு மாறும் என்று தெரியாத குடும்பங்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

இந்தியாவில் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்.சி. நர்சிங் முடித்துவிட்டு இங்கே எல்.பி.என். வேலை பார்ப்பவர்கள், பிரிட்ஜுக்குப் பணம் கட்டும் முன், வெளிநாட்டில் படித்தவர் என்ற வகையில் மாநில வாரியத்திடம் மதிப்பீடு கேட்க வேண்டும். ஓரிரு பாடமும் சில மணிநேரக் கிளினிக்கலும் (மருத்துவமனைப் பயிற்சி)தான் குறை என்று பதில் வந்தால், முழுப் படிப்பின் செலவு மிச்சம்.

சீட் கிடைத்த பிறகு தடுக்கி விழவைப்பது மருத்துவச் சான்றுகள். நம் ஊரில் பிறந்தவர்களுக்குக் குழந்தையிலேயே காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டிருப்பதால், காசநோய்க்கான தோல் பரிசோதனை தவறாக பாசிட்டிவ் காட்டக்கூடும். அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று அலைய வேண்டியதுதான். பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாத ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனையை முதலிலேயே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி எதிர்ப்பாற்றல் ரத்தத்தில் தெரியவில்லை என்றால் ஊசிகளைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். மூன்று ஊசி முறையில் அதற்கு ஆறு மாதம் ஆகும் என்பதால், விண்ணப்பிக்கும்போதே டைட்டர் (எதிர்ப்பாற்றலை அளக்கும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

வகுப்புக்குள் போனால் தேர்ச்சிக்கு 75 முதல் 78 சதவீதம் கேட்கிறார்கள். 74.9 என்றாலும் மேலே தள்ளிக் கொடுக்கமாட்டார்கள். மருந்தளவுக் கணக்குத் தேர்வில் 90 சதவீதமோ முழு மதிப்பெண்ணோ எடுத்தால்தான் கிளினிக்கலில் மருந்து கொடுக்க விடுவார்கள். எல்.பி.என்.களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். அவர்கள் சறுக்குவது எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விகளில். நர்சிங் ஹோமில் வருஷக்கணக்காகத் தானே பார்த்துச் செய்த கைப்பழக்கம் விடையாக வந்துவிடும். முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், பலனை அளவிடுதல் ஆகிய மூன்றையும் ஆர்.என். வேறு யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பதுதான் தேர்வின் உலகம். டிரான்சிஷன் கோர்ஸ் பெரும்பாலும் இந்தப் பார்வை மாற்றத்துக்கானது.

பணத்தைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியாவில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 2025-26இல் மத்திய அரசின் கல்வி உதவித்தொகையான பெல் கிராண்ட் உச்சவரம்பு 7,395 டாலர். கிரீன் கார்டு இருந்தால் விண்ணப்பிக்கலாம், எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கானது) முடியாது. வேலை தருகிறவர் கட்டும் படிப்புச் செலவில் வருஷத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. அதற்குப் பதிலாக எத்தனை வருஷம் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் கேட்கிறார்கள் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நியூயார்க்கில் வேலை செய்யும் எண்ணமிருந்தால் பி.எஸ்.என். செலவையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். 2017 டிசம்பரில் வந்த சட்டப்படி அங்கே லைசென்ஸ் வாங்கிய 10 வருஷத்துக்குள் அந்தப் பட்டம் கட்டாயம்.

கடைசியாகப் பெயர். இனிஷியலோடு வாழும் நமக்கு இது பெரிய தலைவலி. என்கிளெக்ஸுக்கு 200 டாலர் கட்டிப் பதியும்போது கொடுக்கிற முதல் பெயரும் கடைசிப் பெயரும், தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள், பணமும் திரும்பாது. பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி, எல்.பி.என். லைசென்ஸ், காலேஜ் பதிவு நான்கிலும் அப்பா பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்று காலேஜில் விண்ணப்பம் போடும் அன்றே பார்த்து, மாறியிருப்பதைத் திருத்திவிடுங்கள்.