அஞ்சல் பெட்டிகளுக்கு எதிரே

முதியவர்கள் தனித்து வாழும் குடியிருப்பு ஒன்றுக்கு முதன்முதலாகப் பொது அறை வரைந்தபோது, கட்டடத்திலேயே நல்ல மூலையை அதற்கு ஒதுக்கினேன். நடைவழியின் கடைசியில், தோட்டத்தைப் பார்த்தபடி பெரிய கூடம். ஆட்கள் குடிவந்து ஆறு மாதம் கழித்துப் போனால், கூடம் காலி. எல்லோரும் லிஃப்டுக்குப் பக்கத்தில், அஞ்சல் பெட்டிகள் இருந்த குறுகலான இடத்தில் நின்றிருந்தார்கள்.

அதில் ஒரு அம்மா, சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ஒரு கையில் கைத்தடியும் மறு கை சுவரிலுமாகப் பேசிக்கொண்டிருந்தார். கால் மாற்றி மாற்றி நின்றார். "கூடத்தில் உட்கார்ந்து பேசலாமே அம்மா" என்றேன்.

"அங்கே போனா, பேச்சுத்துணை தேடி வந்த மாதிரி ஆயிடும் தம்பி. இங்கே தபால் எடுக்க வந்தேன், அவ்வளவுதான்."

தன் காலில் நிற்க விரும்பி வந்தவர்களுக்குத் துணை வேண்டும் என்று காட்டிக்கொள்ளவே கூச்சம். மூடிய கதவைத் திறந்து நுழைந்துவிட்டால், பிடிக்காதவர் உள்ளே இருந்தாலும் சட்டென்று திரும்ப முடியாது. இதை நான் யோசிக்கவே இல்லை.

பெட்டிகளுக்கு எதிரே இருந்த சாமான் அறையின் சுவரை எடுத்தோம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் தெரியும். வர ஒரு வழி, போக ஒரு வழி. ஆழமான சோபா வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். 45 செ.மீ. உயரத்தில், இருபக்கமும் கைப்பிடி வைத்த நாற்காலிகள். ஊன்றி எழ அதுதான் வசதி. சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் காலியாக விட்டோம்.

கூடத்தில் இன்னொரு குறை, எதிரொலி. வயதானால் மேல்சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, த போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். வெறும் சுவரும் உயர்ந்த கூரையும் இருந்தால், பேச்சு காதில் விழும், ஆனால் புரியாது. புரியாமல் தலையாட்டிக்கொண்டு எத்தனை நாள்தான் ஒருவர் வந்து உட்காருவார்? புது இடத்தில் கூரையைத் தாழ்த்தி, ஒலி உறிஞ்சும் பலகை ஒட்டினோம்.

அப்புறம் கூடத்தை என்ன செய்வது என்று குடியிருப்பவர்களையே கேட்டோம். பாதியைத் தடுத்து, தையலுக்கும் மரவேலைக்கும் மேசை போடச் சொன்னார்கள்.