எரிக் ஸ்டோல்ட்ஸை விடுங்க, மெலோரா ஹார்டினுக்கு யார் பேசுவது?

'பேக் டு தி ஃபியூச்சர்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில் மார்ட்டி என்ற நாயகனாக நடித்துக்கொண்டிருந்த எரிக் ஸ்டோல்ட்ஸைப் பாதியில் தூக்கிவிட்டு மைக்கேல் ஜே. ஃபாக்ஸைப் போட்டது பெரிய அநியாயம் என்று பாண்டிச்சேரி பீச் ரோட்டில் நடக்கும்போதெல்லாம் நண்பன் ஒருவன் ஆரம்பித்துவிடுவான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டே நடக்கத் தோதான இடம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயக்குநர் ஸெமெக்கிஸ் முதலில் கேட்டதே மைக்கேல் ஜே. ஃபாக்ஸைத்தான். ஆனால் அவர் 'ஃபேமிலி டைஸ்' என்ற டிவி தொடரில் மாட்டிக்கொண்டிருந்தார், அதில் அம்மாவாக நடித்தவர் பிரசவ விடுப்பில் இருந்ததால் தயாரிப்பாளர் இவரையும் விடவில்லை. சரி என்று 1984 நவம்பரில் ஸ்டோல்ட்ஸை வைத்துத் தொடங்கி, சில வாரம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் சிரிப்பே வரவில்லை. ஸ்டோல்ட்ஸ் நல்ல நடிகர்தான். செட்டில்கூட எல்லோரும் தன்னை மார்ட்டி என்றே கூப்பிட வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு முழுகி நடிப்பவர், அந்தக் கனம்தான் இந்தப் படத்துக்கு ஒத்துவரவில்லை. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தில் உருகி உருகி நடிக்கிற ஒருவரை உட்கார வைத்தால் என்ன ஆகும், அதுதான்.

1985 ஜனவரியில் ஃபாக்ஸ் வந்தார். பகலெல்லாம் டிவி தொடர், அப்புறம் விடியவிடிய இந்தப் படம், பகல் வெளிச்சம் தேவைப்பட்ட காட்சிகளைப் பெரும்பாலும் சனி, ஞாயிறில் எடுத்தார்கள். தூக்கமில்லாத அந்தப் பரபரப்பே மார்ட்டிக்குப் பொருந்திப்போனது என்பேன்.

உண்மையில் அநியாயம் என்றால் அது மெலோரா ஹார்டினுக்கு நடந்தது. காதலி ஜெனிஃபராக முதலில் பேசியிருந்த கிளாடியா வெல்ஸ் வேறு டிவி வேலையால் விலகியதும் இவரை எடுத்தார்கள். ஃபாக்ஸ் உள்ளே வந்ததும், அவரைவிட உயரமாக இருக்கிறார் என்று ஒரு ஷாட்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். நடிப்பு சரியில்லை என்றால்கூடப் பரவாயில்லை, உயரத்துக்கு அந்தப் பெண் என்ன செய்வார்? இதைச் சொன்னால் நண்பன் பேச்சை மாற்றிவிடுகிறான்.

கிளாடியாவே திரும்ப வந்து நடித்தார். ஆனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் இரண்டாம் பாகத்தில் அவரும் இல்லை, எலிசபெத் ஷூ வந்தார். அதனால் முதல் பாகத்தின் கடைசிக் காட்சியை அவரை வைத்து மறுபடி எடுத்தே இரண்டாவதைத் தொடங்கினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், அதே வீட்டு வாசல், அதே கார், காதலி மட்டும் வேற ஆள்.